இங்கிலாந்தில் வீட்டுக்கல்வி: கிறிஸ்துமசுக்கு முந்தைய குளிர்கால வாரங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் லீட்ஸ் நகரில் இருக்கிறோம். சொந்த ஊர் நாகர்கோவில். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. இருவரும் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டில்தான் படிக்கிறார்கள். நவம்பர் கடைசியில் பகல் சுருங்கத் தொடங்கியதும் ஊரில் உள்ள உறவினர்களிடமிருந்தும், இங்கே வீட்டுக்கல்வியை யோசித்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோரிடமிருந்தும் ஒரே மாதிரியான கேள்விகள் வரும். அவற்றுக்கு என் பதில்கள் இவை.

பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்க அங்கே சட்டம் இடம் கொடுக்கிறதா?

கொடுக்கிறது. பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை, அதைப் பள்ளிக்கு அனுப்பியும் செய்யலாம், வேறு வகையிலும் செய்யலாம் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. இந்த 'வேறு வகை' 1944ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. தேசியப் பாடத்திட்டத்தையோ பள்ளி நேரத்தையோ பின்பற்றக் கட்டாயமில்லை. பெற்றோர் ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்கவும் வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை விலக்க உள்ளூராட்சி அமைப்பான கவுன்சிலின் சம்மதம் வேண்டும். இங்கிலாந்திலும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் சம்மதம் தேவை. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. ஆகவே முடிவெடுக்கும் நாளில் நடப்பில் இருக்கும் விதியை உங்கள் கவுன்சிலிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிசம்பரில் பாடம் நடக்குமா, விடுமுறையா?

நடக்கும். காலையில் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வாசிப்பு, தமிழ் எழுத்து. இவற்றை நிறுத்துவதில்லை. வரலாறு, அறிவியல், புவியியல் என்று தனித்தனியாக வைத்திருக்கும் புத்தகங்களை மட்டும், கிறிஸ்துமசுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கும் ஞாயிறன்று அலமாரியில் வைத்துவிடுவேன். நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறு அது. அன்று முதல் கிறிஸ்துமஸ் வரை இருட்டும் குளிரும்தான் எங்களுக்குப் பாடப்புத்தகம். வடக்கு நாட்டில் வளரும் பிள்ளைக்கு இந்த இருட்டு ஏன் வருகிறது, இதை மனிதர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான மாதம் கிடையாது.

நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வெளியே. மூன்றே முக்காலுக்கு இருட்டியதும் மேசையில். பள்ளிக்கூடத்தில் இப்படிச் செய்ய முடியாது. வீட்டுக்கல்வியின் மிகப் பெரிய வசதியாக நான் நினைப்பது இதைத்தான்: கிடைக்கிற கொஞ்ச வெயிலில் பிள்ளைகள் வெளியே இருக்கிறார்கள்.

அவ்வளவு குறைந்த வெயிலில் வெளியே என்ன செய்ய முடியும்?

அந்த வெயிலையே அளக்கலாம். டிசம்பர் 21, 22 வாக்கில் லீட்ஸில் பகல் ஏறத்தாழ ஏழரை மணி நேரம்தான். அதே நாளில் நாகர்கோவிலில் பதினொன்றரை மணி நேரத்துக்கும் மேல். நண்பகலில்கூட இங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை.

ஒரு மீட்டர் உயரக் குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நட்டு, உச்சி நேரத்தில் நிழலை அளக்கிறோம். இங்கே கடிகாரத்தில் பன்னிரண்டைத் தாண்டிச் சில நிமிடங்கள் ஆகும்போது அந்த நேரம் வரும். நிழல் கிட்டத்தட்ட 4.4 மீட்டர் நீளம்! சின்னவன் அதன் நுனி வரை நடந்து போய் நின்றுகொண்டு கத்துவான். ஊரில் தாத்தா மொட்டை மாடியில் அதே உயரக் குச்சியை வைத்து அளப்பார். நாகர்கோவிலில் உச்சி நேரம் 12.20ஐ ஒட்டி வரும். அங்கே நிழல் ஏறக்குறைய 62 சென்டிமீட்டர்தான். இரண்டு அளவுகளையும் தாளில் வரைந்து கோணமானியால் அளந்தால் சூரியனின் உயரத்தில் 45 பாகைக்குச் சற்று அதிகமான வேறுபாடு கிடைக்கும். இரண்டு ஊர்களின் அட்சரேகை வேறுபாடும் அதுதான். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால், நாங்கள் தாத்தா வீட்டுக்கு எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்பது வந்துவிடுகிறது: ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் சற்று மேல். 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் இதே வகை நிழல் கணக்கை வைத்துத்தான் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கண்டார் என்று அதன் பிறகு சொன்னால், மகளுக்கு அந்தப் பெயர் மறப்பதே இல்லை.

யார்க்‌ஷர் மேகத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். அந்த நாட்களில் சூரியனின் பாதை மிக மெதுவாகத்தான் மாறும். அந்த வாரத்தில் வெயில் அடிக்கும் எந்த நாளும் சரி, அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று. மிகக் குறுகிய பகல் 21ஆம் தேதியை ஒட்டி வந்தாலும், மிகச் சீக்கிரம் சூரியன் மறையும் நாள் 12, 13ஆம் தேதி வாக்கிலேயே வந்துவிடும். மிகத் தாமதமாக உதிப்பதோ டிசம்பர் கடைசியில். தினமும் மறையும் நேரத்தைச் சுவரில் எழுதிவந்தால் பிள்ளைகளே இதைக் கவனித்து 'ஏன்?' என்று கேட்பார்கள். பூமியின் அச்சுச் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து நம் கடிகார நண்பகலையும் சூரியனின் நண்பகலையும் விலக்கி வைக்கின்றன. கேள்வி அவர்களிடமிருந்து வரும் வரை விளக்கத்தைத் தொடங்காதீர்கள்.

ஒரே ஒரு செயல்பாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது. எதைச் செய்யலாம்?

மெழுகுவர்த்தி. தயக்கமே இல்லாமல் சொல்வேன்.

திருவருகைக் கால வளையத்திலிருந்து தொடங்குங்கள். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திவந்த யோஹான் ஹின்ரிச் விசேர்ன் என்ற போதகர், ஒரு சக்கரத்தின் மேல் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரியவை, மற்ற நாட்களுக்குச் சிறியவை. கிறிஸ்துமசுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் எண்ணிக்கொள்ள அது ஒரு வழி. இன்று வீடுகளில் நான்கு மெழுகுவர்த்தியோடு வைக்கும் வளையம் அதன் வழிவந்தது. தேன்மெழுகுத் தாளை வாங்கித் திரியைச் சுற்றி உருட்டினால் அடுப்பே இல்லாமல் ஆறு வயதுப் பிள்ளையும் மெழுகுவர்த்தி செய்துவிடும்.

அடுத்து விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. 1825இல் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் இளையோருக்கான கிறிஸ்துமஸ் விரிவுரைகள் தொடங்கின. ஃபாரடே 19 ஆண்டுகளின் தொடர்களை வழங்கினார். அவற்றில் புகழ்பெற்றது ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் எடுத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் விளக்கிய தொடர். என் பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. கொல்லர் ஒருவரின் மகனான அவருக்குப் பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டக் கொடுத்த புத்தகங்களை வாசித்தே அறிவியலுக்குள் வந்தார். 1812இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தானே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை கிடைத்தது.

வாரத்துக்கு ஒரு பரிசோதனை போதும்:

முதல் வாரம், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, எழும் வெண்புகையின் மேல் எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். சுடர் புகை வழியே கீழே பாய்ந்து திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி என்பதைச் சொல்லவே வேண்டாம், கண்ணே சொல்லிவிடும்.

இரண்டாம் வாரம், சுடரின் மஞ்சள் பகுதியில் ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியை நொடிப் பொழுது வையுங்கள். கரி படியும். அந்தக் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதால்தான் நமக்கு வெளிச்சம். தாழ்ந்த டிசம்பர் வெயில் ஜன்னல் வழியே விழும்போது மெழுகுவர்த்தியை வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பாருங்கள்: சுடருக்கும் நிழல் உண்டு, அதில் மிகப் பிரகாசமான பகுதிக்கே அடர்த்தியான நிழல் விழும்.

மூன்றாம் வாரம், குளிர்ந்த கண்ணாடித் தம்ளரைச் சுடருக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே பனி படரும். தீயிலிருந்து தண்ணீர்! என் மகள் இதை நம்பாமல் வேறு தம்ளர்களை எடுத்து வந்து மறுபடி மறுபடி செய்து பார்த்தாள்.

நான்காம் வாரம், தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் எரியும் மெழுகுவர்த்தியை வைத்து தம்ளரைக் கவிழ்ப்பது. தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கும். அப்படியே ஒப்பிக்க வைக்காதீர்கள். தண்ணீர் எப்போது வேகமாக ஏறுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். சுடர் அணைந்த பிறகு. ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் எரியும்போதே சீராக ஏறியிருக்க வேண்டும். சூட்டில் விரிந்திருந்த காற்று குளிர்ந்து சுருங்குவதே முதன்மைக் காரணம். ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. அச்சில் வந்ததையும் கேள்வி கேட்கலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும் வாரம் இது.

தலைமுடியைக் கட்டிவிடுங்கள், மணல் பரப்பிய தட்டின் மேல் வையுங்கள், பற்றவைப்பது பெரியவர் மட்டும். அறையை விட்டு வெளியேறும்போது சுடர் எரிந்துகொண்டிருக்கக் கூடாது.

பனி பெய்தால்தானே குளிர்காலப் பாடம்?

லீட்ஸில் கிறிஸ்துமசுக்கு முன் பனி பெய்யும் என்று நம்பியிருக்க முடியாது. தாளில் வெட்டலாம். ஆனால் ஆறாக மடித்து வெட்டுங்கள். சதுரத் தாளை இரண்டிரண்டாக மடித்து எட்டுக் கை கொண்ட பனித்துகள் செய்வது எங்கும் நடக்கிறது, இயற்கையில் அப்படி ஒன்று இல்லை. வட்டமாக வெட்டி, பாதியாக மடித்து, அந்தப் பாதியை மூன்றாக மடித்தால் ஆறு வரும்.

ஏன் ஆறு? 1611இல் வானியலாளர் யோஹன்னஸ் கெப்ளர் பிராக் நகரில் தன் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாக எழுதிய சிறு நூல் முழுக்க இந்தக் கேள்விதான். உருண்டைகளை எப்படி அடுக்கினால் இடம் மிச்சமாகும் என்றும் அதில் யோசித்தார். கடையில் ஆரஞ்சு அடுக்குகிற முறைதான் சிறந்தது என்ற அவர் ஊகத்தைக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் நிறுவியது 1998இல். கிறிஸ்துமசுக்கு வாங்கும் குட்டி ஆரஞ்சுகளை மேசையில் அடுக்கிப் பார்த்தால், ஒரு பழத்தைச் சுற்றி அதே தளத்தில் சரியாக ஆறு பழங்கள் தொட்டுக்கொண்டு நிற்கும்.

நம் கோலத்திலும் இந்த ஆறு இருக்கிறது. ஊடுபுள்ளியில் ஏழில் தொடங்கி நான்கில் முடித்தால் புள்ளிகள் அறுகோணமாக நிற்கும். மார்கழியும் டிசம்பர் பாதியில் பிறந்துவிடுகிறது. வாசலில் மழை என்பதால் கறுப்புத் தாளில் வெள்ளைச் சாக்பீஸால் போடுகிறோம். பக்கத்திலேயே வில்சன் பென்ட்லி எடுத்த பனித்துகள் படங்களையும் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியையாக இருந்த தாயிடம் வீட்டிலேயே படித்தார். 1885 ஜனவரியில் நுண்ணோக்கியில் கேமராவை இணைத்து முதல் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். பிறகு வாழ்நாளில் 5,000க்கும் மேல்.

பறவைகள்?

எங்கள் தோட்டம் சிறியது, ஆனாலும் குளிரில் வெறிச்சோடுவதில்லை. ராபின் குளிர்காலத்திலும் பாடும், ஆணும் பெண்ணும் தத்தம் இடத்தைக் காக்கப் பாடுகின்றன. ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் இரண்டும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் விருந்தாளிகள்; விழுந்து கிடக்கும் ஆப்பிளை விரும்பித் தின்னும். பைன் காயின் இடுக்குகளில் கடையில் கிடைக்கும் உப்பில்லாத சூட் (suet) என்ற கெட்டிக் கொழுப்பையும் விதைகளையும் பிசைந்து அடைத்துத் தொங்கவிடுவது சின்னவனின் வேலை. சமையலில் வழிந்த கொழுப்பை வைக்காதீர்கள், அதில் உப்பு இருக்கும், இறகிலும் ஒட்டும். தட்டுகளை அடிக்கடி கழுவுவது முக்கியம்.

நடக்கும்போது ஹாலி மரத்தைப் பாருங்கள். சிவப்புப் பழம் பெண் மரத்தில் மட்டும்தான்.

இரவு வானம்?

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்பொழிவு. நள்ளிரவு வரை காத்திருக்கத் தேவையில்லை, முன்னிரவிலேயே தெரியும் என்பதால் பிள்ளைகளுக்கு ஏற்றது. தெருவிளக்கு இல்லாத இடம், போர்வை, பிளாஸ்கில் சுக்கு காப்பி. அப்படியே தென்கிழக்கில் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் தோளில் செம்மையாக மின்னும் விண்மீனைக் காட்டுங்கள். அதுதான் நம் திருவாதிரை.

சமையலறையில் என்ன நடக்கும்?

ஆங்கிலேயர் வழக்கப்படி கிறிஸ்துமஸ் புட்டிங்கைத் திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறே கலந்து அவித்து வைக்க வேண்டும். வீட்டில் ஒவ்வொருவரும் ஒருமுறை கிண்டுவார்கள். பழைய குறிப்புகளில் அவுன்ஸ், பவுண்டு என்றிருக்கும். கிராமாக மாற்றுவதே மகளின் அன்றைய கணக்கு. உள்ளே காசு போடும் வழக்கத்தைச் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் தவிர்த்துவிடுங்கள்.

எங்களுக்கு உயிர் முந்திரிக்கொத்துதான். வறுத்த பாசிப்பயற்று மாவு, தேங்காய், எள், கருப்பட்டிப் பாகு. பாகு பதம் தப்பினால் உருண்டை உதிரும், முற்றினால் கல்லாகும். சமையல் வெப்பமானியைப் பாகில் வைத்து, ஆச்சி 'கம்பிப் பதம்' என்று போனில் சொல்லும் நேரத்தில் எத்தனை டிகிரி என்று மகள் குறித்துக்கொள்வாள். அச்சு முறுக்கும் செய்வோம். இதே மாதிரிப் பூ அச்சைச் சூடான எண்ணெயில் காய்ச்சி, மாவில் முக்கி, கிறிஸ்துமசுக்குப் பலகாரம் செய்யும் வழக்கம் நார்வேயிலும் ஸ்வீடனிலும் உண்டு. எங்கள் தெருவில் இருக்கும் நார்வேப் பாட்டிக்கு ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தபோது, தன் அம்மாவின் அச்சை எடுத்துவந்து காட்டினார். பிள்ளைகள் இரண்டு அச்சையும் பக்கத்தில் வைத்து வரைந்து வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. இதெல்லாம் பொருந்துமா?

மெழுகுவர்த்தி, நிழல், பறவை, விண்மீன் இவற்றில் மதம் எங்கே வருகிறது? எங்கள் குழுவில் இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. வளையம் செய்யும் நாளில் வராமல் நிழல் அளக்கும் நாளில் வருகிறவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் வருகிறவர்களும் உண்டு. இயேசு பிறப்பின் கதையை நாங்கள் எங்கள் நம்பிக்கையாகச் சொல்கிறோம், அதை மறைப்பதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அதைப் பாடமாக்குவதும் இல்லை.

மற்றப் பிள்ளைகளோடு பழக வாய்ப்பு?

டிசம்பரில்தான் அதிகம். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் சேர்ந்து தேவாலய அரங்கை வாடகைக்கு எடுத்துக் கிறிஸ்து பிறப்பு நாடகம் போடுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளையும் பதினான்கு வயதுப் பிள்ளையும் ஒரே மேடையில். பெரியவள் தம்பிக்கு வசனம் சொல்லிக் கொடுப்பதும் கல்விதான். வார நாள் பகல் காட்சிக்குப் பான்டோமைம் என்ற கிறிஸ்துமஸ் கால நகைச்சுவை நாடகம் பார்க்கக் குழுவாகப் பதிவு செய்தால் கட்டணம் குறையக்கூடும். முதியோர் இல்லத்தில் கீதம் பாடப் போவதற்கு முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். சளி இருக்கும் பிள்ளை அன்று வீட்டில் இருக்கட்டும்.

செலவு?

மேலே சொன்னவற்றுக்கு அதிகம் ஆகாது. பகல் முழுக்க வீட்டில் இருந்தால் ஏறும் ஹீட்டிங் பில்தான் உண்மையான செலவு. அதனால் நூலகத்தையும் அருங்காட்சியகங்களையும் நன்றாகப் பயன்படுத்துகிறோம். யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம். வார நாள் என்றால் கூட்டமும் குறைவு.

லண்டனில் இருப்பவர்கள் டிரஃபால்கர் சதுக்கத்து மரத்தைப் பார்த்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போரில் கிடைத்த உதவிக்கு நன்றியாக ஓஸ்லோ நகரம் 1947 முதல் ஆண்டுதோறும் அனுப்பும் மரம் அது. போருக்குப் பிந்தைய வரலாற்றைத் தொடங்க நல்ல இடம்.

கவுன்சில் கேட்டால் இதைப் பாடம் என்று எப்படிக் காட்டுவது?

செய்தது, பிள்ளை கேட்ட கேள்வி, அடுத்து வாசித்தது. இந்த மூன்றையும் தேதி போட்டு வாரம் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு படம் ஒட்டுங்கள். நிழல் கணக்கு எழுதிய தாளையும் ஊருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை மகள் கையாலேயே செய்து நவம்பர் கடைசியில் அஞ்சலில் சேர்ப்போம். ஹென்றி கோல் 1843இல் அச்சிட்ட முதல் வாழ்த்தட்டையும், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு வந்த ஒரு பென்னி அஞ்சலையும் அந்தச் சாக்கில் படித்துவிட்டாள்.

ஜி.சி.எஸ்.இ. (பதினாறு வயது வாக்கில் எழுதும் பொதுத்தேர்வு) எழுதும் வயதுப் பிள்ளை இருந்தால்?

தனித் தேர்வராக எழுத வேண்டும், கட்டணம் உங்களுடையது. கோடைத் தேர்வுக்கு எந்த மையம் தனித் தேர்வர்களை எடுக்கிறது, கடைசித் தேதி எது என்று டிசம்பருக்குள் விசாரித்து முடியுங்கள். மாலை மெழுகுவர்த்தியை அவர்களும் விட வேண்டாம்.

உடல்நலத்துக்கு ஏதாவது?

வைட்டமின் டி. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதை எல்லோரும் யோசிக்க வேண்டும் என்பது இங்குள்ள அரசின் ஆலோசனை. நம்மைப் போன்ற கருமை நிறத்தவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதை யோசிக்கச் சொல்கிறார்கள். ஊரில் வெயில் கொடுத்ததை இங்கே மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு வேறு மருந்து ஏதாவது நடந்தால் டாக்டரிடமோ பார்மசியிலோ கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

ஜனவரியில் எப்படித் தொடர்வது?

அலமாரியில் வைத்த புத்தகங்களை எடுத்துவிடுவோம். பறவைகளை மட்டும் விடுவதில்லை. ஜனவரி கடைசி வார இறுதியில் ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் நடத்தும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு வரும், 1979 முதல் நடக்கிறது. ஒரு மணி நேரம் ஜன்னலருகே உட்கார்ந்து, ஒவ்வொரு வகையிலும் ஒரே நேரத்தில் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். வந்த பறவையே திரும்பி வந்தால் இரண்டாக எண்ணக் கூடாது.